போட்ருமில் மரப் பாய்க்கப்பலில் ஒரு பகல்: அம்மாவையும் மகளையும் கூட்டிக்கொண்டு போகலாமா?

ஷார்ஜாக்காரன்

எல்லாருக்கும் வணக்கம். செப்டம்பர் கடைசியில் குடும்பத்தோடு துருக்கி போகிறோம். இஸ்தான்புல்லை முடித்துக்கொண்டு தெற்கே போட்ருமில் சில நாள் தங்குவதாக ஏற்பாடு. அங்கே குலெட் என்கிற மரப் பாய்க்கப்பலில் காலையில் ஏறி, பகல் முழுக்கக் கடலில் இருந்துவிட்டு, சாயங்காலம் கரைக்கு வந்துவிடலாம் என்று அலுவலகத்தில் ஒருவர் சொன்னார். கேட்டதிலிருந்து மனசு அதிலேயே நிற்கிறது.

துபாய் க்ரீக்கில் இரவுச் சாப்பாட்டுப் படகில் போயிருக்கிறோம். அது வேறு மாதிரி: விளக்கு, பாட்டு, பஃபே. எனக்கு வேண்டியது அது இல்லை. என்ஜினை அணைத்துவிட்டுப் பாய் விரித்து ஓடுகிற கப்பல் வேண்டும். எந்த இடத்தையும் 'கவர்' பண்ண வேண்டாம். சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும்.

அம்மாவுக்கு வயது 68, முழங்கால் வலி உண்டு, சுத்த சைவம், முட்டைகூடக் கிடையாது. மகளுக்கு ஒன்பது வயது, நீச்சல் குளத்தில் நன்றாக நீந்துவாள். கடலில் பழக்கம் இல்லை. மனைவிக்குக் காரில் மலைப்பாதை போனாலே தலைசுற்றும். இப்படி ஒரு கூட்டத்தை வைத்துக்கொண்டு இது சாத்தியமா? போனவர்கள் சொல்லுங்கள்.

இஸ்மிர் அக்கா

தம்பி, தாராளமாகப் போகலாம். செப்டம்பர் கடைசி நல்ல சமயம். கூட்டம் குறைந்திருக்கும், தண்ணீரில் கோடையின் வெதுவெதுப்பு அப்படியே இருக்கும். நான் இஸ்மிரில் குடியிருக்கிறேன். விருந்தாளி யார் வந்தாலும் போட்ருமுக்குக் கூட்டிப்போய் குலெட்டில் ஏற்றாமல் அனுப்புவதில்லை. ஊரிலிருந்து என் மாமியார் வந்தபோதும் அதே. அதனால் உங்கள் கேள்விக்கு விவரமாகவே எழுதுகிறேன்.

முதலில் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது: துறையில் நிற்கிற குலெட்களில் பெரும்பாலானவை பாய் விரிப்பதே இல்லை. இரண்டு பாய்மரம் நிற்கும், கயிறு தொங்கும், ஆனால் போக வர எல்லாம் டீசல் என்ஜின்தான். பகல் பயணப் படகுகளுக்கு ஐந்தாறு குடா காட்டிவிட்டு நேரத்துக்குத் திரும்ப வேண்டிய அவசரம். பாயை ஏற்றி இறக்க ஆள் வேண்டும், நேரம் வேண்டும். ஆகவே 'பாய்க்கப்பல்' என்று பலகையில் எழுதியிருப்பதை வைத்துப் பணம் கொடுக்காதீர்கள்.

முந்தின நாள் சாயங்காலமே துறைமுகத்துக்கு நடந்து போங்கள். நெய்ஸன் தெவ்ஃபிக் சாலை தண்ணீரை ஒட்டியே போகும். படகுகள் எல்லாம் பின்பக்கத்தைக் கரைக்குக் காட்டி வரிசையாக நிற்கும். நின்று நிதானமாகப் பாருங்கள். பெரிய பாய்மரத்திலிருந்து பின்னால் கிடைமட்டமாக ஒரு கட்டை நீளும், அதில்தான் பெரிய பாய் கட்டியிருக்கும். அந்தக் கட்டைக்குக் குறுக்கே வெயிலுக்கு நிரந்தரமாகக் கூடாரம் அடித்திருந்தால் அந்தப் பாய் சீசன் முழுக்க மேலே ஏறாது. கூடாரத்தைச் சுருட்டுகிற வசதி இருக்கிறதா, பாய் உறையில் சுத்தமாக மடித்து இருக்கிறதா, மரத்தின் அடியில் சுற்றி வைத்த கயிறு வளைந்து கொடுக்கிறதா அல்லது வெயிலில் காய்ந்து விறைத்துக் கிடக்கிறதா என்று பாருங்கள். கயிறு பொய் சொல்லாது. அப்புறம் கேப்டனிடம் நேரே கேளுங்கள்: "பாய் விரிப்பீர்களா, எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரை?" உண்மையாக விரிக்கிறவர் உடனே கையை நீட்டிக் காற்று எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று சொல்ல ஆரம்பித்துவிடுவார்.

காற்றைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்த ஒரு நாளின் அழகு அதில்தான் இருக்கிறது. இந்தக் கடலில் கோடைக்காற்றுக்கு மெல்தெம் என்று பெயர். வடக்கு, வடமேற்கிலிருந்து வரும். காலையில் கடல் கண்ணாடிபோலக் கிடக்கும். மதியத்துக்குமேல் காற்று எழும்பி, சாயங்காலம் அடங்கும். ஜூலை, ஆகஸ்டில் பலமாக அடிக்கும், நீங்கள் வருகிற சமயம் சற்று மென்மையாக இருக்கும். போட்ரும் ஊர் தீபகற்பத்தின் தெற்குக் கரையில் இருப்பதால் பின்னால் இருக்கிற மலை அலையைத் தடுத்துவிடுகிறது. காற்று மலையைத் தாண்டி இறங்கும், ஆனால் தண்ணீர் மட்டமாகவே இருக்கும். தலைசுற்றுகிறவர்களுக்கு இதைவிட நல்ல இடம் கிடைப்பது கஷ்டம்.

குலெட் அகலமான கப்பல். எதிர்க்காற்றில் அதனால் சரியாக ஏற முடியாது. காற்று பக்கவாட்டிலோ பின்னாலோ வந்தால்தான் ஓட்டம். ஆகவே வழியைக் காற்றுக்குத் தகுந்த மாதிரி அமைக்க வேண்டும். நான் எப்போதும் கேட்பது: காலையில் காற்று இல்லாதபோது என்ஜினில் மேற்கே போய்விடுவோம், மதியத்துக்கு மேல் காற்றைப் பின்னால் வாங்கிக்கொண்டு பாயில் கிழக்கே திரும்புவோம். மேற்கே பிதெஸ் ஊர்ப் பக்கம் அக்வாரியம் என்று ஒரு குடா இருக்கிறது, அந்தப் பக்கம் போனால் இது அமையும். கிழக்கே ஒராக் தீவுக்குப் போகிற படகுகளும் உண்டு. அங்கே தண்ணீர் நிறம் அபாரம், அதை மறுக்க மாட்டேன். ஆனால் மதியம் அங்கிருந்து மேற்கே திரும்பும்போது காற்று மூக்கில் அடிக்கும், என்ஜின்தான் ஓடும். உங்கள் ஆசை பாய் என்றால் மேற்கு.

பாய் ஏறுகிற நேரத்தில் எல்லாரையும் மேல்தளத்தில் உட்கார வையுங்கள். கேப்டன் கப்பலின் மூக்கைக் காற்றுக்கு நேராகத் திருப்பிப் பிடித்துக்கொள்வார். இரண்டு பேர் கயிற்றை மாற்றி மாற்றி இழுப்பார்கள். பாய் படபடவென்று அடித்துக்கொண்டு மேலே போகும். அந்தச் சத்தம் பயமாகக்கூட இருக்கும், அம்மாவுக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள். பிறகு கப்பல் மெதுவாகத் திரும்பும், பாய் ஒரே வீச்சில் காற்றை வாங்கி நிறையும், தளம் லேசாக ஒரு பக்கம் சாயும். அப்போது என்ஜினை நிறுத்துவார்கள். கப்பலின் இடுப்பில் தண்ணீர் உரசுகிற சத்தமும், மரம் அங்கங்கே முனகுகிற சத்தமும் அதன்பிறகுதான் காதில் விழும். என் மாமியார் அதுவரை ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தவர், அந்த நிமிஷத்திலிருந்து துறைமுகம் வரும் வரை வாயே திறக்கவில்லை. இறங்கியதும் "நாளைக்கும் வருமா?" என்று கேட்டார்.

இப்போது அம்மாவின் முழங்கால். கப்பலில் ஏறுவது பின்பக்கத்தில் கரைக்கு நீட்டிய ஒடுங்கிய பலகை வழியாக. அது கொஞ்சம் அசையும். கேப்டனிடம் முதலிலேயே சொன்னால் பின்கயிறுகளை இழுத்துக் கப்பலைக் கரைக்கு நெருக்கமாகக் கொண்டுவந்து, ஒரு ஆள் கையைப் பிடித்து ஏற்றிவிடுவார். இங்கே வயதானவர்களிடம் காட்டுகிற மரியாதை நம் ஊரில் பார்ப்பதுபோலவே இருக்கும். ஏறியதும் செருப்பைக் கூடையில் போட்டுவிட வேண்டும், தளத்தில் வெறுங்கால்தான். பின்தளத்தில் மேசையைச் சுற்றி அகலமான மெத்தை இருக்கை, முன்தளத்தில் படுத்துக்கொள்ள மெத்தைகள். அம்மாவுக்குப் பின்தளம்தான் சரி. படி ஏறி இறங்க வேண்டியதில்லை, நிழலும் இருக்கும். கழிப்பறை கீழே இருக்கும், படிகள் செங்குத்தானவை. மேல்தளத்திலேயே கழிப்பறை உள்ள படகா என்று கேட்டுக்கொள்ளுங்கள், சிலவற்றில் உண்டு. காகிதத்தைக் கழிப்பறைக்குள் போடக் கூடாது, பக்கத்துக் கூடையில்தான் போட வேண்டும். குழாய் அடைத்தால் அன்றைய பயணமே கெட்டுப்போகும்.

சாப்பாடு பற்றிக் கவலை வேண்டாம். மதியத்துக்குப் பொதுவாக மீனோ கோழியோ சுடுவார்கள். ஆனால் மேசையில் பாதிக்குமேல் காய்கறிதான் இருக்கும்: தக்காளி, வெள்ளரி போட்ட சாலட், ஆலிவ் எண்ணெயில் வேகவைத்து ஆறவைத்த பீன்ஸ், தயிர் போட்ட கத்தரிக்காய், வெள்ளைச் சீஸ், ரொட்டி, தர்பூசணி. கவனிக்க வேண்டியது சோறு மட்டும். பிலாவைச் சில சமையல்காரர்கள் கோழி வேகவைத்த தண்ணீரில் சமைப்பார்கள். "தாவுக் சுயு யோக்?" என்று கேளுங்கள், கோழிச்சாறு இல்லைதானே என்று பொருள். முந்தின நாளே சொல்லிவிட்டால் தனியாக வெண்ணெயில் வடித்துத் தருவார்கள். முட்டை வேண்டாம் என்பதையும் அப்போதே சொல்லுங்கள், சில பலகாரங்களின் மேலே முட்டை தடவியிருப்பார்கள். சாயங்காலம் சின்னக் கண்ணாடிக் குவளையில் தேநீர் வரும், பால் இல்லாமல். அம்மா பால் இல்லாமல் குடிக்க மாட்டார் என்றால் பால்பவுடர் கொண்டுபோங்கள், வெந்நீர் கொடுப்பார்கள்.

மகளுக்கு அவள் அளவில் உயிர்காப்புச் சட்டை இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டு ஏறுங்கள். நங்கூரம் போடுகிற இடத்தில் ஏணிக்குக் கீழேயே ஆழம் இருக்கும், குளம்போலக் கால் ஊன்ற முடியாது. கப்பலோடு ஒரு கயிறு கட்டி மிதவை விடச் சொன்னால் பிடித்துக்கொண்டு மிதப்பாள். பாறை ஓரத்தில் கறுப்புக் கடல்முள்ளெலிகள் (முள் நிறைந்த உருண்டைக் கடலுயிர்கள்) ஒட்டியிருக்கும், ரப்பர்ச் செருப்பு போட்டுவிடுங்கள்.

பயணப்பித்தன்

அக்கா சொன்னதோடு சத்தத்தைப் பற்றியும் சேர்த்துக்கொள்ளுங்கள். நான் துருக்கியிலேயே ஃபெத்தியே என்ற கடலோர ஊர்ப் பக்கம் போனபோது மலிவு என்று ஒரு பெரிய படகில் ஏறினேன். மரக்கப்பல்தான், பெயர் வேண்டாம். தளம் முழுக்க ஆள், காலை முதல் ஒலிபெருக்கி, மேல்தளத்திலிருந்து தண்ணீருக்குச் சறுக்குமரம். இளைஞர் கூட்டத்துக்கு அது கொண்டாட்டம், குறை சொல்லவில்லை. 68 வயது அம்மாவுக்கு அது ஆகாது. பாட்டு போடுவீர்களா, எத்தனை பேர் ஏறுவார்கள் என்று கேட்காமல் சீட்டு வாங்காதீர்கள்.

மனைவிக்கு: மாத்திரை ஏறுவதற்கு முன்பே போட வேண்டும், தலைசுற்றிய பிறகு போட்டுப் பயன் குறைவு. கப்பலின் நடுப்பகுதிதான் குறைவாக ஆடும். போனைப் பார்க்காமல் தூரத்துக் கரையைப் பார்த்தால் பாதி சரியாகிவிடும்.

தோணிவீட்டுப் பிள்ளை

குலெட்டில் ஏறியதில்லை, ஆனால் மரக்கப்பல் என்றதும் எழுதாமல் இருக்க முடியவில்லை. எங்கள் தாத்தா தூத்துக்குடியில் தோணித் தண்டல், அதாவது தோணியை நடத்துகிற தலைவர். பாய் விரித்துக் கொழும்புக்குச் சரக்கு கொண்டுபோனவர். போட்ருமில் கட்டுகிற முறை எப்படி அக்கா? பலகைக்கும் பலகைக்கும் இடையே நம் ஆட்கள் பஞ்சுத்திரி வைத்து உளியால் அடித்துக் கலப்பத்து பார்ப்பார்கள். அங்கேயும் அப்படியா, இல்லை எல்லாம் பசையும் ஃபைபருமாக மாறிவிட்டதா?

இஸ்மிர் அக்கா

தோணிவீட்டுத் தம்பி, இதைக் கேட்டதற்கு உங்களைக் கட்டிக்கொள்ளலாம்போல இருக்கிறது. இரண்டும் இருக்கிறது. பழைய முறையில் கட்டினவற்றில் பஞ்சுத்திரிதான், அதன்மேல் பூச்சு. போட்ரும் துறையில் நிற்கிற வயதான குலெட்களின் இடுப்புப் பக்கம் குனிந்து பார்த்தால் பலகைக் கோடுகள் ஒவ்வொன்றாகத் தெரியும். அந்தக் கோட்டின் மேலே விரலை ஓட்டினால் பூச்சு லேசாகப் பிதுங்கியிருப்பது தட்டுப்படும். கோடே இல்லாமல் வழவழவென்று ஒரே உடம்பாக இருந்தால் அது மெல்லிய மரத் தகடுகளைப் பசையிட்டு அடுக்கிக் கட்டிய புதுக்கப்பல். இரும்பில் கட்டி மேலே மரம் பதித்தவையும் வந்துவிட்டன. பழையவற்றுக்கு இங்கத்துப் பைன்தான் முக்கிய மரம். இந்தக் கரை மலை முழுக்க அது நிற்கிறது, நங்கூரம் போட்ட குடாவில் அதன் பிசின் வாசனை தளம் வரை வரும். ஒவ்வொரு குளிர்காலத்திலும் கரையில் ஏற்றிச் சுரண்டி, கலப்பத்து பார்த்து, வார்னிஷ் பூசுவார்கள். போட்ருமிலும் மர்மரிஸ் பக்கத்து போஸ்புருனிலும் இதற்கான பட்டறைகள் உண்டு.

இந்தக் கப்பல்கள் முதலில் உல்லாசத்துக்குக் கட்டியவை அல்ல. கடற்பஞ்சு (ஸ்பாஞ்ச்) எடுக்கவும், மீன் பிடிக்கவும், பழம் ஏற்றவும் கட்டியவை. 1925-இல் ஒரு கட்டுரைக்காக ஜெவாத் ஷாகிர் என்ற எழுத்தாளரைத் தண்டனையாகப் போட்ருமுக்கு அனுப்பினார்கள். அப்போது அது ஒதுக்குப்புறமான மீனவ ஊர். தண்டனை முடிந்தும் அவர் இங்கேயே வந்து தங்கிவிட்டார், 'ஹலிகார்நாசின் மீனவன்' என்று பெயர் வைத்துக்கொண்டு எழுதினார். போட்ருமின் பழைய கிரேக்கப் பெயர்தான் ஹலிகார்நாசஸ். பிற்பாடு அவரும் எழுத்தாள நண்பர்களும் ரொட்டி, சீஸ், தண்ணீரை ஏற்றிக்கொண்டு கடற்பஞ்சுப் படகில் குடா குடாவாகப் போய்வந்தார்கள். அதற்கு 'நீலப் பயணம்' என்று பெயர். இன்று இங்கே சுற்றுலாப் பலகைகளில் எல்லாம் தொங்குகிற பெயர் அதுதான். 1980களில் கடற்பஞ்சுகளுக்கு நோய் வந்து அந்தத் தொழில் படுத்தபோது, படகுக்காரர்களுக்கு இந்தப் பயணம்தான் கைகொடுத்தது. நான் பாய் விரிக்கிற கப்பலைத் தேடிப் பிடித்து ஏறுவதற்கு இதுவும் ஒரு காரணம். பயணி கேட்டால்தான் கேப்டன் பாயைப் பழுதுபார்த்து வைத்திருப்பார், கேட்காவிட்டால் அடுத்த தலைமுறைக் கப்பலோட்டிகளுக்குப் பாய் கட்டவே தெரியாமல் போகும். 1989-லிருந்து இங்கே அக்டோபரில் மரக்கப்பல்களுக்கென்றே போட்ரும் கோப்பைப் பந்தயம் நடக்கிறது. அதை ஆரம்பித்தவர்களின் கவலையும் இதுதான்.

ஷார்ஜாத் தம்பி, நேரம் இருந்தால் முந்தின நாள் கோட்டைக்குள் இருக்கிற கடலடித் தொல்லியல் அருங்காட்சியகத்தைப் பாருங்கள். காஷ் ஊருக்கு அருகே ஊலுபுருனில் 1982-இல் ஒரு கடற்பஞ்சு மூழ்காளி கண்ட கப்பலின் சரக்கு அங்கே இருக்கிறது. கி.மு. 14ஆம் நூற்றாண்டுக் கப்பல், தேவதாரு மரத்தில் கட்டியது, பத்து டன் செம்புக் கட்டி ஏற்றி வந்தது. உங்கள் மகளுக்கு மிகவும் பிடிக்கும். மறுநாள் கப்பலில் ஏறும்போது அவளே பலகை இணைப்பைத் தேட ஆரம்பித்துவிடுவாள்.

ஷார்ஜாக்காரன்

எல்லாருக்கும் நன்றி. அக்கா, அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். பால்பவுடர் விஷயத்தில் உடனே சமாதானம் ஆகிவிட்டார். இன்னும் இரண்டு கேள்வி. ஆளுக்கு ஒரு சீட்டு வாங்குவதா, முழுப் படகையும் எடுப்பதா? காற்றே இல்லாமல் போனாலோ, அதிகமாக அடித்தாலோ என்ன செய்வது?

இஸ்மிர் அக்கா

நாலு பேருக்குப் பெரிய குலெட்டை முழுதாக எடுப்பது வீண் செலவு. சின்னப் படகு ஒன்றைக் கேளுங்கள். திர்ஹாந்தில் என்று ஒரு வகை இருக்கிறது. முன்னும் பின்னும் கூராக இருக்கும், குலெட்டுக்கும் மூத்தது, போட்ருமின் சொந்தச் சொத்து என்றே சொல்லலாம். குலெட்டைவிட நன்றாகப் பாயில் ஓடும். இட வசதி குறைவு, தளம் தண்ணீருக்கு நெருக்கம். முழுப் படகும் உங்களுடையது என்பதால் எந்தக் குடாவில் எவ்வளவு நேரம் என்று நீங்களே சொல்லலாம். கழிப்பறையை மட்டும் நேரில் பார்த்து, அம்மாவால் இறங்க முடியுமா என்று முடிவு பண்ணுங்கள். முடியாது என்றால் கூட்டம் குறைந்த நடுத்தரக் குலெட்டில் சீட்டு வாங்குவதே மேல்.

விலையை நான் எழுதப் போவதில்லை. துருக்கிப் பணமான லிரா நிற்கிற நிலையில் இன்று சொன்னது அடுத்த மாதம் ஒத்துவராது. சாப்பாடு, தேநீர், டீசல் எல்லாம் சேர்த்தா, குளிர்பானத்துக்குத் தனிக் கணக்கா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். கடைசியில் சமையல்காரருக்கும் உதவியாளருக்கும் கையில் ஏதாவது கொடுப்பது வழக்கம்.

காற்று இல்லாவிட்டால் ஒரே குடாவில் நங்கூரம் போட்டுவிட்டு இருந்துவிடுங்கள். ஐந்து குடாவுக்கு ஓடுவதைவிட அது எவ்வளவோ மேல். உதவியாளர் கயிற்றை வாயில் கவ்விக்கொண்டு நீந்திப் போய்க் கரைப் பாறையில் கட்டுவார், கப்பல் ஆடாமல் நிற்கும். சாப்பாட்டுக்கு அப்புறம் எல்லாரும் தூங்கிவிடுவீர்கள், அதற்கும் இந்தக் கப்பல் ஏற்றது. காற்று அதிகமானால் கேப்டன் பாயைக் குறைப்பார் அல்லது இறக்கிவிடுவார், அதில் அவரிடம் வாதாட வேண்டாம். ஒன்றில் மட்டும் கவனம்: காற்று தெற்கிலிருந்து வருகிறது, லோதோஸ் என்று துறையில் பேசிக்கொண்டால் அன்று போகாதீர்கள். இந்தக் குடாக்கள் எல்லாம் தெற்கே திறந்தவை, அலை நேராக உள்ளே வரும், உங்கள் மனைவிக்குத் தாங்காது. போட்ருமில் இறங்கிய முதல் நாளே படகைப் பேசிவிட்டு, பயணத்தை நடு நாளில் வையுங்கள். தள்ளிப்போட வேண்டி வந்தால் கையில் ஒரு நாள் மிச்சம் இருக்கும்.